வேலை கேட்டு எழுதும் தாள்

சென்னையிலிருந்து வடக்கே மீஞ்சூரையும் பொன்னேரியையும் கடந்து வரும் மின்சார ரயில் கும்மிடிப்பூண்டியில் நின்றதும் இறங்கி, சிப்காட் தொழிற்பேட்டையை நோக்கிச் செல்லும் இளைஞர் பலருடைய கையில் ஒரு பிளாஸ்டிக் உறை இருக்கக் காணலாம், ஐ.டி.ஐ. சான்றிதழின் ஜெராக்ஸ் பிரதிகளோடு அதனுள்ளே இருப்பது, பயோடேட்டா என்றும் ரெஸ்யூமே என்றும் வழங்கும் ஒரு தாள். முன்பின் அறியாத மனிதரிடம் தம் தொழில் யோக்கியதையை எடுத்துரைக்கும் பொறுப்பு முழுவதும் அத்தாளின்மீது சுமத்தப்பட்டிருப்பதால், அதை எழுதுவதையும் கடைசல் வேலையைப் போலப் பழகித் தேற வேண்டிய ஒரு கைத்தொழிலாகவே கொள்ளவேண்டும்.

நடைமுறையிலோ, ஜெராக்ஸ் கடைக் கணினியில் கிடக்கும் வேறொருவருடைய தாளைத் திறந்து, பெயரையும் விலாசத்தையும் மாற்றி அச்சிட்டுக்கொள்வதே பெரும்பாலோர் வழக்கம். தந்தை பெயர், மதம், சாதி, பொழுதுபோக்கு, முடிவில் ‘மேற்கண்டவை உண்மை’ என்றொரு பிரமாணம் ஆகிய இவை பாதித் தாளை அடைத்துக்கொள்ள, செய்யத் தெரிந்த தொழிலுக்கு இரண்டு வரியே மிஞ்சுகிறது. லேத்தை ஓட்டுவதற்கும் சாதிக்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை. அதை அத்தாளில் எழுதவே கூடாது என்பது என் திடமான அபிப்பிராயம்.

இக்கலையின் பூர்வீக உதாரணமாகச் சொல்லத்தக்கது, ஓவியர் லியொனார்டோ டா வின்சி ஏறக்குறைய 1482-ல் மிலான் நகரத்து அதிபதி லுடோவிகோ ஸ்ஃபோர்ஸாவுக்காகத் தயாரித்த விண்ணப்பம். யுத்த சிந்தையிலிருந்த அவ்வதிபதிக்கு என்ன தேவை என்பதை உணர்ந்த அவர், எளிதில் தூக்கிச் செல்லத்தக்க பாலங்கள், அகழியின் நீரை வடிக்கும் உபாயம், பீரங்கிகள், மூடிய போர் வண்டிகள் என ஒவ்வொன்றாக அடுக்கிவிட்டு, இன்று உலகம் அவரை அறிந்திருக்கும் ஓவியத் திறமையைக் கடைசியிலேதான் குறிப்பிட்டார். இவற்றில் எதுவேனும் அசாத்தியமென்று தோன்றினால் தங்கள் பூங்காவிலேயே செய்து காட்டச் சித்தமாயிருக்கிறேன் என்றும் எழுதிவைத்தார்.

பெறுபவரின் தேவையை உணர்ந்து எழுதும் அம்முறை இங்கும் பொருந்தும். 1971-ல் தமிழக அரசு தோற்றுவித்த சிப்காட் நிறுவனத்தின் கும்மிடிப்பூண்டி வளாகத்தில் உருக்காலைகளும் வார்ப்பாலைகளும் மிகுதி. அதே வட்டத்துத் தேர்வாய் கண்டிகையில் மிஷெலின் டயர் ஆலையும், திருவள்ளூரை அடுத்து மண் அள்ளும் கனரக எந்திரங்கள் செய்யும் கேட்டர்பில்லர் ஆலையும் இருக்கின்றன. ஓர் எலக்ட்ரீஷியன் உருக்காலைக்கு விண்ணப்பிக்கும்போது, பெரிய மோட்டார்களின் பராமரிப்பையும், மேலே ஓடும் கிரேனின் மின்பலகையில் கோளாறு கண்டுபிடித்துச் சரிசெய்த அனுபவத்தையும் முதலில் வைக்கவேண்டும். அதே மனிதர், எந்திரங்கள் பெரும்பாலும் தாமாகவே இயங்கும் ஆலைக்கு எழுதும்போது, பி.எல்.சி., சென்சார், டிரைவ் ஆகியவற்றில் தமக்குள்ள பரிச்சயம் மேலே வரவேண்டும். உண்மை ஒன்றே, எதை முன்னே நிறுத்துவது என்ற விவேகமே மாறுகிறது.

‘வெல்டர், இரண்டு வருட அனுபவம்’ என்ற வாசகம் ஏறத்தாழ ஒன்றுமே சொல்லவில்லை. ஆர்க், டிக், மிக் என்பவற்றில் எது, தகடா குழாயா, எந்த நிலையில் பற்றவைத்தார் என்பவையே சூப்பர்வைசர் தேடும் விவரங்கள். 6ஜி என்பது, குழாயை 45 டிகிரி சாய்வில் அசையாது நிறுத்தி, வெல்டர் தாமே அதைச் சுற்றிவந்து கீழும் பக்கமும் மேலும் பற்றவைக்கும் நிலை. அதில் தேறியவருக்கு ஏனைய நிலைகளும் பெரும்பாலும் கைவந்திருக்கும் என்பதால், அந்தச் சிறு குறியீடு ஒரு பத்திக்குச் சமானமான செய்தியைச் சொல்லிவிடுகிறது. சி.என்.சி. ஆபரேட்டரும் அவ்வாறே, ஃபானுக்கா சீமென்ஸா, எந்த உலோகம், எத்தனை மைக்ரான் நுட்பம் என்று எழுதலாம். பெரிய கம்பெனிகளில் மனிதருக்கு முன்னே கணினியே விண்ணப்பங்களைச் சலிப்பதுண்டாதலால், விளம்பரத்திலுள்ள தொழிற்சொற்களையே கையாள்வதும், அலங்காரக் கட்டங்களைத் தவிர்ப்பதும் நலம்.

இல்லாததை எழுதுவதால் பிரயோஜனமில்லை. லியொனார்டோ தாமாக முன்வந்து ஒப்புக்கொண்ட அந்தப் பரீட்சை இங்கே டிரேடு டெஸ்ட் என்ற பெயரில் காத்திருக்கிறது. மைக்ரோமீட்டரால் அளக்கத் தெரியும் என்று எழுதியவர் கையில் மைக்ரோமீட்டரையே கொடுத்துவிடுவார்கள்.

என் மனத்தை அதிகம் வருத்துவது காண்ட்ராக்ட் தொழிலாளர் நிலைமை. பல வருஷம் ஃபர்னஸ் அருகில் வெந்து உழைத்தவர்கள், ஆள் அனுப்பிய காண்ட்ராக்டர் பெயரை மட்டும் எழுதி, ஹெல்ப்பர் என்ற ஒரே சொல்லில் தங்கள் வித்தை முழுவதையும் புதைத்துவிடுகிறார்கள். எந்த ஆலையில், எந்த எந்திரத்தில், என்ன வேலை செய்தார்கள் என்பதைக் காண்ட்ராக்டர் பெயரோடு சேர்த்து எழுத அவர்களுக்குப் பூரண உரிமை உண்டு, பி.எஃப். கணக்கிலுள்ள சேர்ந்த தேதியும் விலகிய தேதியும் அதற்குச் சாட்சியாக நிற்கும். 1961-ஆம் வருஷத்து அப்ரண்டிஸ் சட்டத்தின்படி பயிற்சி முடித்துத் தேசியச் சான்றிதழ் பெற்றவர்களும் அதைத் தாளின் அடியில் ஒளித்துவைக்காமல், பெயருக்கு அடுத்த வரியிலேயே எழுதலாம்.