காதில் விழுந்தும் விழாமலும்!

ஆம்பூர் என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வருகிறது? பிரியாணி என்பீர்கள். கொஞ்சம் யோசித்து, ஷூ என்பீர்கள். எனக்கோ இப்போதெல்லாம் ஒரு துளிப் பஞ்சுதான் ஞாபகம் வருகிறது. கடுகளவுகூட இராது. ஆனால், ஒரு புருஷனையும் பெண்ஜாதியையும் மூன்று நாள் பேச விடாமல் அடித்த பஞ்சு அது!

எங்கள் தெருவில் இருக்கும் ஒரு பெண் ஷூ கம்பெனியில் மேல்பாகம் தைக்கும் பிரிவில் வேலை பார்க்கிறாள். எங்கள் பக்கத்துச் சமாசாரம் உங்களுக்குத் தெரிந்ததுதானே? ராணிப்பேட்டை, மேல்விஷாரம், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என்று பாலாற்றுப் பக்கம் நெடுகத் தோலும் ஷூவும்தான் பிழைப்பு. பொழுது விடியுமுன் கம்பெனி பஸ்கள் வந்து ஊர் ஊராகப் பெண்களை ஏற்றிக்கொண்டு போகும். மடியில் சாப்பாட்டுப் பை, காதில் இயர்போன். பாட்டுக் கேட்டபடியே பாதித் தூக்கத்தை அந்த பஸ்ஸில்தான் தூங்குவார்கள்.

இந்தப் பெண்ணின் கணவன் வளைகுடா நாட்டில் இருக்கிறான். தினம் இரவு ஒன்பதரை மணிக்கு வாட்ஸப்பில் கூப்பிடுவான். ஒரு நாள் அவன் சொன்னது இது: "அடுத்த மாசம் வர முடியாது. அதுக்கு அடுத்த மாசம் லீவு கொடுத்துட்டாங்க. கட்டாயம் வர்றேன்." அவள் காதில் விழுந்ததோ, "அடுத்த மாசம் வர முடியாது" என்பது மட்டும். மிச்சமெல்லாம் கிணற்றுக்குள்ளிருந்து வந்த முனகலாகப் போய்விட்டது. அப்புறம் என்ன? மூன்று நாள் அவள் போனை எடுக்கவே இல்லை.

நாலாம் நாள் என்னிடம் வந்தாள். "அக்கா, இந்த போன் கெட்டுப் போச்சு. சத்தம் தானா ஏறுது, தானா இறங்குது. புதுசு வாங்கணும்னா ஒரு மாசச் சம்பளம் போயிடும். இன்னா பண்றதுன்னே தெரியலைக்கா" என்றாள்.

உங்கள் வீட்டிலும் இந்த உபத்திரவம் உண்டா? அப்படியானால் கடைக்கு ஓடுமுன் இதைக் கொஞ்சம் படித்துவிடுங்கள். நான் ஒன்றும் மெக்கானிக் இல்லை. ஆனால் மிக்ஸி ஓடாவிட்டால் முதலில் பிளக்கைப் பார்க்கிறோம். அப்புறம் பக்கத்து பிளக்கில் மாட்டிப் பார்க்கிறோம். அந்தப் புத்தியே இதற்கும் போதும்.

மூன்று மாற்றங்கள்

முதலில் இயர்போனைக் கழற்றிவிட்டு, போனிலேயே சத்தமாக ஒரு பாட்டை வையுங்கள். அப்போதும் சத்தம் ஏறி இறங்குகிறதா? கோளாறு போனிலோ, அந்தப் பாட்டிலோ இருக்கிறது. சீராகக் கேட்கிறதா? போன் பெரும்பாலும் தப்பித்தது.

அடுத்து, வீட்டில் இன்னொருவருடைய இயர்போனை வாங்கி உங்கள் போனில் மாட்டுங்கள். பிறகு உங்கள் இயர்போனை அவருடைய போனில் மாட்டுங்கள். தொந்தரவு இயர்போனோடு கூடவே போகிறதா, உங்கள் போனிலேயே தங்கி விடுகிறதா என்று கவனியுங்கள். பைசா செலவில்லாமல் குற்றவாளி பாதி அகப்பட்டுவிடுவான்.

இன்னும் ஒன்று. போனில் பேசும்போது வார்த்தைகள் துண்டு துண்டாக அறுந்து வந்தால் அது பெரும்பாலும் லைனின் கோளாறு. வார்த்தை அறாமல் சத்தம் மட்டும் சிறுத்துப் பெருத்தால் இயர்போன் பக்கம் சந்தேகப்படுங்கள். பாட்டின் வால்யூம் வேறு, பேச்சின் வால்யூம் வேறு என்பதையும் மறந்துவிடாதீர்கள். பேச்சின் சத்தத்தைப் பேசிக்கொண்டிருக்கும்போதுதான் கூட்ட வேண்டும்.

திரையைப் பாருங்கள்

சத்தம் மாறும்போது போனின் திரையை ஒரு கண் பாருங்கள். வால்யூம் காட்டும் கோடு யாரும் தொடாமலே ஏறி இறங்குகிறதா? பேய் பிசாசு இல்லை, பயப்படாதீர்கள். இயர்போன் வயரில் மைக்குக்குப் பக்கத்தில் சின்னப் பொத்தான்கள் இருக்கின்றன அல்லவா? அவற்றில் ஒவ்வொன்றுக்கும் ஒரு மின்தடை அளவு உண்டு. ஆண்ட்ராய்டு போன்களில் சத்தத்தைக் கூட்டும் பொத்தானுக்கு ஏறக்குறைய 240 ஓம்; குறைக்கும் பொத்தானுக்கு ஏறக்குறைய 470 ஓம். அந்த அளவை வைத்துத்தான் எந்தப் பொத்தானை அழுத்தினோம் என்று போன் கண்டுகொள்கிறது.

இப்போது வேலூர் வெயிலை நினைத்துக்கொள்ளுங்கள். ஊரையே 'வெயிலூர்' என்று கேலி செய்கிறார்களே! கழுத்து வியர்வை வயர் வழியாக வழிந்து பொத்தானுக்குள் இறங்குகிறது. வியர்வையில் உப்பு உண்டு. அதன் வழியே மின்சாரம் கசியும். போன் பாவம், யாரோ பொத்தானை அழுத்துகிறார்கள் என்று நினைத்துச் சத்தத்தை மாற்றிவிடுகிறது. இதற்கு வைத்தியம், இயர்போனை நன்றாகத் துடைத்து, நிழலில் ஒரு நாள் காற்றாட வைப்பது. அப்படியும் திருந்தாவிட்டால் இயர்போனை மாற்ற வேண்டியதுதான், போனை அல்ல!

டெலிபோன் ஆபீஸிலிருந்து வந்த பிளக்

கோடு அசையாமல் சத்தம் மட்டும் மாறினால் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். இந்தப் பிளக்கின் பூர்வீகம் டெலிபோன் எக்ஸ்சேஞ்ச். 1878-ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் தேதி அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்தில் எம்மா நட் என்ற பெண்மணி டெலிபோன் ஆபரேட்டராக வேலைக்குச் சேர்ந்தார். உலகத்தின் முதல் பெண் ஆபரேட்டர் அவர்தான். அவருக்குப் பின் வந்த எத்தனையோ ஆயிரம் பெண்கள் இதே ஜாதிப் பிளக்கைப் பலகைத் துவாரங்களில் மாற்றி மாற்றிச் செருகி ஊரையும் ஊரையும் பேச வைத்தார்கள். அதன் குட்டி வடிவந்தான் டிரான்சிஸ்டர் ரேடியோவுக்கும், 1979-இல் வந்த வாக்மேனுக்கும் போய், இப்போது நம் போனுக்கும் வந்திருக்கிறது. குறுக்களவு மூன்றரை மில்லிமீட்டர்.

மைக் உள்ள இயர்போனின் பிளக்கில் மூன்று வளையங்கள் தெரியும். அவை பிளக்கை நான்கு துண்டாகப் பிரிக்கின்றன. நுனி இடது காதுக்கு; அடுத்தது வலது காதுக்கு; மற்ற இரண்டில் ஒன்று மைக்குக்கு, ஒன்று இரண்டு காதுக்கும் பொதுவான திரும்பு வழி. அந்தப் பொதுவழி சரியாக ஒட்டாவிட்டால் ஒரு வேடிக்கை நடக்கும். வாத்தியங்கள் கேட்கும், பாடகியின் குரல் மாயமாகிவிடும்! இரண்டு காதுக்கும் சமமாக வரும் ஒலி ஒன்றை ஒன்று அடித்துக்கொண்டு விடுவதுதான் காரணம். பழைய 'மோனோ' பாட்டுகளில் எல்லாமே சமமாக வருவதால், ஏறக்குறைய ஒன்றுமே கேட்காது. போனில் பேசும் குரலும் அப்படித்தான். எங்கள் தெருப் பெண்ணின் கணவன் கிணற்றுக்குள் போனது எப்படி என்று இப்போது தெரிகிறதா?

அவளுடைய பிளக் துவாரத்தினுள் ஒட்டாமல் ஒரு மயிரிழை வெளியே நின்றது. டார்ச் அடித்து உள்ளே பார்த்தேன். அடியில் பஞ்சு! மாதக் கணக்காகப் பையில் கிடந்த போன். பையின் துணித் தூசியும் நூல் தூசியும் சேர்ந்து, பிளக் செருகும் போதெல்லாம் அடியில் இறுகி மெத்தையாகிவிட்டிருந்தது.

இதை எடுக்கும் விதம் முக்கியம். போனை முழுதும் அணைத்துவிடுங்கள். பல் குத்தும் மரக் குச்சியால் ஓரமாக மெதுவாகச் சுரண்டி, போனைக் கவிழ்த்துத் தட்டுங்கள். குண்டூசி, கொண்டை ஊசி, சேப்டி பின் எதுவும் கூடாது. உள்ளே உள்ள மெல்லிய தகடு வளைந்துவிடும். வாயால் ஊதவும் வேண்டாம். எச்சில் ஈரம் உள்ளே போகும். பிளக்கை உலர்ந்த மெல்லிய துணியால் துடையுங்கள். போனின் உறை தடித்திருந்து பிளக்கைத் தடுக்கிறதா என்றும் பாருங்கள். காதில் வைக்கும் பக்கத்து வலையில் குறும்பி படிந்திருந்தால், உலர்ந்த பழைய பல் பிரஷ்ஷால், வலையைக் கீழ்நோக்கிப் பிடித்துத் தேயுங்கள். இத்தனையும் செய்த பிறகும், வயரைப் பிளக்குக்குப் பக்கத்தில் அசைத்தால் சத்தம் போய்ப் போய் வருகிறதென்றால், வயர் உள்ளே அறுந்திருக்கிறது.

வயரே இல்லாதவர்களுக்கு

புளூடூத் இயர்போன் வைத்திருப்பவர்களுக்குப் பஞ்சுத் தொல்லை இல்லை. வேறு தொல்லை உண்டு. போனுக்கு ஒரு வால்யூம், இயர்போனுக்கு ஒரு வால்யூம் என்று இரண்டு இருக்கலாம். ஒன்று மேலே, ஒன்று கீழே இருந்தால் குழப்பந்தான். போனின் புளூடூத் பட்டியலிலிருந்து இயர்போனை நீக்கிவிட்டு, மறுபடி புதிதாக இணைத்துப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் சன்னமாகக் கேட்டால், செட்டிங்ஸில் 'ஆக்ஸசிபிலிட்டி' என்ற பகுதியில் இடது வலது சமன் செய்யும் கோடு நடுவில் இருக்கிறதா என்று பாருங்கள். குழந்தைகள் கை பட்டு நகர்ந்திருக்கும்.

சில சமயம் போன் வேண்டுமென்றேயும் சத்தத்தைக் குறைக்கும். மெசேஜ் வந்தால் அந்த மணியோசைக்காகப் பாட்டைத் தாழ்த்தும். நெடுநேரம் உரக்கக் கேட்டால் எச்சரிக்கும். ஐபோனில் 'ஹெட்போன் சேஃப்டி' என்றே ஓர் ஏற்பாடு இருக்கிறது. அது கோளாறு அல்ல. நம் நன்மைக்காகச் செய்வது.

கடையில் கிடைக்காத சாமான்

பஞ்சை எடுத்ததும் அந்தப் பெண் ஆசையோடு இயர்போனைக் காதுக்குக் கொண்டு போனாள். "நில்லு! காதில் வைக்காதே!" என்று நான் போட்ட கூச்சலில் பயந்தே போய்விட்டாள். மேஜைமேல் வைத்துப் பாட்டைப் போட்டேன். ஒரு முழத் தூரத்திலிருந்து வரிக்கு வரி கேட்டது! பிளக் சரியாக ஒட்டாததால், கேட்பதற்காக அவள் மாதக் கணக்கில் வால்யூமைக் கடைசிவரை ஏற்றியே வைத்திருந்தாள். நடுநடுவே பிளக் ஒட்டும்போதெல்லாம் அந்தச் சத்தம் முழுதும் அவள் காதில் அறைந்திருக்கிறது. பகல் முழுதும் மெஷின் சத்தம் கேட்டுக் களைத்த காது!

சத்தம் ஏறி இறங்கினால் நாம் எல்லோரும் செய்வது இதைத்தான், ஏற்றி வைத்துவிடுகிறோம். அதுதான் ஆபத்து. உள் காதில் ஒலியை உணரும் நுண்ணிய மயிரணுக்கள் ஒவ்வொரு காதுக்கும் சுமார் 15,000 இருக்கின்றன. மனிதர்களுக்கு அவை போனால் போனதுதான், மறுபடி முளைப்பதில்லை. பெரியவர்களுக்கு வாரத்துக்கு 80 டெசிபெல் அளவில் 40 மணி நேரம் என்பது உலகச் சுகாதார ஸ்தாபனம் சொல்லும் எல்லை. சத்தம் 3 டெசிபெல் கூடினால் நேரம் பாதியாக வேண்டும். 83-க்கு 20 மணி. 86-க்கு 10 மணி. வீட்டில் டெசிபெல் அளக்கக் கருவி ஏது? வால்யூம் கோட்டில் பாதியைச் சற்றுத் தாண்டியதும் நிறுத்திக்கொள்ளுங்கள். பக்கத்தில் இருப்பவர் சாதாரணமாகப் பேசுவது கேட்காவிட்டால், உங்கள் சத்தம் ஜாஸ்தி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஒரு பரீட்சை. ஒரு பக்கம் சன்னமாகக் கேட்டால், இடது காதில் இருப்பதை வலதிலும், வலதில் இருப்பதை இடதிலும் மாற்றி வைத்துக் கேளுங்கள். சன்னம் இயர்போனோடு மறுபக்கம் போனால் கோளாறு இயர்போனில். அதே காதில் தங்கிவிட்டால் கோளாறு காதில்!

இதை நான் சொல்லிக்கொண்டிருந்தபோது அந்தப் பெண்ணின் மாமியார் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். தாமும் மாட்டிப் பார்த்துவிட்டு, "எப்படி மாத்தினாலும் எனக்கு இந்தக் காதுலதான்டியம்மா சின்னதா கேக்குது" என்றார். மறுநாள் வைத்தியரிடம் போனார்கள். நல்ல வேளை, குறும்பி கட்டியாக அடைத்திருந்தது, எடுத்ததும் சரியாகிவிட்டது. ஆனால் எல்லோருக்கும் அப்படியே இருக்கும் என்று சொல்ல முடியாது. ஒரு காது திடீரென்று மந்தமாகிவிட்டால், "தானே சரியாகும்" என்று காத்திருக்காதீர்கள். ஓரிரு நாளைக்குள் காது வைத்தியரைப் பார்த்துவிட வேண்டும். தாமதித்தால் வைத்தியம் பலிப்பது கஷ்டம்.

அன்று இரவு ஒன்பதரை மணிக்கு போன் வந்தது. வால்யூம் பாதிதான். அவன் பழையபடியே ஆரம்பித்தான்: "அடுத்த மாசம் வர முடியாதுன்னு சொன்னேனே..." இந்தத் தடவை அவள் குறுக்கே பேசாமல் கடைசிவரை கேட்டாள்.

மறுநாள் காலையில் கம்பெனி பஸ்ஸுக்குப் போகும்போது பார்த்தேன். எங்கள் ஊரில் ஒரு பக்கம் ரெயில் பாதை, ஒரு பக்கம் சென்னை - பெங்களூர் நெடுஞ்சாலை. அதைத் தாண்டும் வரையில் அவள் இயர்போனைக் காதில் வைக்கவில்லை. கையில் சுருட்டி வைத்திருந்தாள். பஸ் ஏறி உட்கார்ந்த பிறகுதான் மாட்டிக்கொண்டாள்.