நாற்பது பிடிலா? ஒரு கம்ப்யூட்டரா?

சினிமா இசை பற்றி ஓயாத சண்டை

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கம் டீக்கடைகளில் அரசியல் பேச்சு அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். சினிமா இசை பற்றிய பேச்சு முடியாது.

அதற்குக் காரணம் உண்டு. இது ஆலைத் தொழிலாளர்கள் நிறைந்த பகுதி. அம்பத்தூரில் சைக்கிள் தொழிற்சாலை வந்தது. டன்லப் டயர் ஆலை வந்தது. 1960-களில் ஆவடியில் ராணுவ டாங்கி தொழிற்சாலையும், அம்பத்தூரில் தொழிற்பேட்டையும் வந்தன. காலை ஷிப்டு, மாலை ஷிப்டு, ராத்திரி ஷிப்டு. ராத்திரி ஷிப்டு முடிந்து வருகிறவருக்கு ரேடியோதான் துணை. லீவு நாளில் சினிமா.

இன்னொரு காரணமும் உண்டு. பூந்தமல்லியில் பஸ் ஏறினால் போரூர் வழியாக வடபழனி போய்விடலாம். வடபழனியும் கோடம்பாக்கமும் சினிமா ஸ்டூடியோக்கள் நிறைந்திருந்த இடங்கள். பாட்டு பிறந்தது பக்கத்தில்தான்!

இரண்டு கட்சி

ரசிகர்களில் இரண்டு கட்சி. ஒன்று பழைய இசைக் கட்சி. மற்றொன்று புதிய இசைக் கட்சி.

தலை நரைத்தவர்கள் எல்லாம் பழைய கட்சி என்று நினைத்துவிடாதீர்கள். 'உதிரிப்பூக்கள்' படத்தின் பின்னணி இசையை மணிக்கணக்கில் புகழ்கிற இருபது வயதுப் பையன்கள் இருக்கிறார்கள். அனிருத் இசைக்குத் தொடையில் தாளம் போடுகிற தாத்தாக்களும் இருக்கிறார்கள்.

சண்டை பெரும்பாலும் இப்படித்தான் நடக்கும்.

"அண்ணே, 'விக்ரம்' படம் பாத்தீங்களா? அனிருத் மியூசிக்குல நாற்காலியே அதிருது!"

"நாற்காலிதானே தம்பி அதிருது? மனசு அதிருதா? 'தளபதி'யில அம்மாவும் புள்ளையும் வர்ற காட்சியைப் பாரு. இசை வந்த உடனே தொண்டை அடைக்கும்."

"அந்தக் காலத்து இசை ஒரே அழுகை அண்ணே!"

"இந்தக் காலத்து இசை ஒரே கூச்சல் தம்பி!"

டீ ஆறிப்போகும். சண்டை ஆறாது.

யார் சொல்வது சரி? அதற்கு முன்னால், பின்னணி இசை எப்படித் தயாராயிற்று என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

ஒருவர் தும்மினால் போச்சு

படம் பிடித்து, வெட்டி ஒட்டி, வசனமும் சேர்த்த பிறகு நடக்கிற வேலை, பின்னணி இசை சேர்ப்பது. இதை 'ரீ-ரிக்கார்டிங்' என்பார்கள்.

பிலிம் காலத்தில் ஒரு ரீல் என்பது 1,000 அடி. அது ஓடி முடிய ஏறக்குறைய 11 நிமிடம் ஆகும். ஒரு படத்துக்குப் பதினான்கு, பதினைந்து ரீல் இருக்கும்.

ஹாலில் ஒரு திரை. அதில் படம் ஓடும். எதிரே வாத்தியக்காரர்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். பிடில், புல்லாங்குழல், சிதார், கிட்டார், தபேலா எல்லாம் இருக்கும். ஒருவர் நின்று கையசைப்பார். கதாநாயகி எந்த நொடியில் திரும்பிப் பார்க்கிறாளோ, அந்த நொடியில் புல்லாங்குழல் ஒலிக்க வேண்டும்.

புல்லாங்குழல் பிந்திவிட்டால்? எல்லாரும் மறுபடி முதலிலிருந்து வாசிக்க வேண்டும். யாராவது தும்மினாலும் அதே கதிதான்!

அத்தனை பேரும் ஒரே அறையில், ஒரே மூச்சில் வாசித்த இசை அது. பழைய கட்சிக்காரர்கள் "உயிர் இருக்கிறது" என்று சொல்வது இதைத்தான். அவர்கள் சொல்வது பொய் இல்லை. நாற்பது பேர் பிடில் வாசித்தால் நாற்பதும் அச்சு அசலாக ஒன்றுபோல் இராது. மயிரிழை வித்தியாசம் இருக்கும். அந்த வித்தியாசம்தான் காதுக்கு இதம்.

பாட்டே இல்லாத படம்

பின்னணி இசையின் பலத்தைத் தமிழர்களுக்குக் காட்டிய படம் ஒன்று உண்டு. 1954-ல் ஏவி.எம். எடுத்த 'அந்த நாள்'. டைரக்டர், வீணை வித்துவான் எஸ்.பாலசந்தர். கதாநாயகன் சிவாஜி கணேசன்.

படத்தில் ஒரு பாட்டுக்கூடக் கிடையாது! ஒரு படத்தில் பத்துப் பாட்டு இருந்தாலும் போதாது என்ற காலம் அது. கொலை யார் செய்தது என்ற பயத்தையும் சந்தேகத்தையும் பின்னணி இசைதான் தாங்கி நின்றது. வீணை வித்துவானே பாட்டு வேண்டாம் என்று சொன்னார், பாருங்கள்!

65 வருஷம் கழித்து, 2019-ல் 'கைதி' வந்தது. அதிலும் புதிய பாட்டு இல்லை. இசை, சாம் சி.எஸ். இளைஞர்கள் அதைப் புதுமை என்று கொண்டாடினார்கள். பழைய கட்சிக்காரர்கள் 'அந்த நாள்' கதையைச் சொல்லிச் சிரித்தார்கள்.

இடையில் 2013-ல் மிஷ்கின் டைரக்ட் செய்த 'ஓநாயும் ஆட்டுக்குட்டியும்' வந்தது. அதிலும் பாட்டு இல்லை. அதில் இளையராஜாவின் பெயரை எப்படிப் போட்டார்கள் தெரியுமா? 'பின்னணி இசை' என்று போடவில்லை. 'முன்னணி இசை' என்று போட்டார்கள்.

வாசித்தவர்களே மன்னர்கள் ஆனார்கள்

எம்.எஸ்.விசுவநாதனும் டி.கே.ராமமூர்த்தியும் முதலில் வாத்தியக்காரர்கள்தான். சி.ஆர்.சுப்பராமன் கோஷ்டியில் இருந்தார்கள். விசுவநாதனுக்கு ஆர்மோனியம். ராமமூர்த்திக்குப் பிடில். 1952-ல் சுப்பராமன் இறந்தார். அவர் பாதியில் விட்ட வேலையை இருவரும் முடித்துக் கொடுத்தார்கள். அதே வருஷம் 'பணம்' படத்தில் இசை அமைப்பாளர்கள் ஆனார்கள். 1965 வரை சேர்ந்தே இருந்தார்கள்.

1964-ல் வந்த 'புதிய பறவை'யில் கதாநாயகன் நிம்மதி தேடித் துடிக்கிற பாட்டு ஒன்று உண்டு. அதற்கு மிகப் பெரிய வாத்தியக் கோஷ்டியை உட்காரவைத்தார்கள். மனம் குழம்பிய ஒருவனின் தலைக்குள்ளே ஒலிக்கிற இரைச்சல் அது. பத்துப் பேரை வைத்து அதை வாசிக்க முடியாது.

பிறகு, 1976-ல் 'அன்னக்கிளி' வந்தது. பண்ணைப்புரத்துக்காரர் இளையராஜா வந்தார். மேல்நாட்டு இசையைச் சென்னையில் தன்ராஜ் மாஸ்டரிடம் படித்தவர். படத்தைப் பார்ப்பார். காகிதத்தில் இசைக் குறிப்பு எழுதுவார். ஒவ்வொரு வாத்தியக்காரருக்கும் தனித் தாள் போகும். அவர்கள் அதைப் பார்த்து வாசிப்பார்கள்.

கம்ப்யூட்டரைக் கொண்டுவந்தது யார்?

இங்கேதான் வேடிக்கை. பழைய கட்சிக்காரர்கள் கம்ப்யூட்டர் இசையைத் திட்டுவார்கள். இளையராஜாவைக் கும்பிடுவார்கள். ஆனால், 1986-ல் 'புன்னகை மன்னன்' படத்தில் கம்ப்யூட்டர் இசையைத் தமிழ் சினிமாவில் பயன்படுத்திக் காட்டியவர் அதே இளையராஜாதான்!

1992-ல் 'ரோஜா' வந்தது. ஏ.ஆர்.ரகுமான் தம் வீட்டோடு சேர்ந்த ஸ்டூடியோவில் இசையைப் பதிவு செய்தார். வாத்தியக்காரர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் வர வேண்டியதில்லை. புல்லாங்குழல் இன்றைக்கு. பிடில் நாளைக்கு. பாட்டு இன்னொரு நாள். எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் சேர்த்துக்கொள்ளலாம்.

ஒருவர் தும்மினால் எல்லாரும் மறுபடி வாசிக்க வேண்டும் என்ற தொல்லை போயிற்று. அதோடு வேறொன்றும் போயிற்று.

பிடில் வாசித்தவர்கள் என்ன ஆனார்கள்?

கீ-போர்டில் ஒரு கட்டையை அமுக்கினால் பிடில் சத்தம் வரும். இன்னொன்றை அமுக்கினால் புல்லாங்குழல். பிறகு எதற்கு நாற்பது பேர்?

காலையில் ஸ்டூடியோவுக்குப் போய், ராத்திரி வரை வாசித்து, கூலி வாங்கி வந்த குடும்பங்கள் பல. அவர்களுக்கு வேலை குறைந்தது. சிலர் கோவில் திருவிழா மெல்லிசைக் கச்சேரிகளுக்குப் போனார்கள். சிலர் பிள்ளைகளுக்குப் பிடில் சொல்லிக்கொடுத்தார்கள். பிள்ளையை இந்தத் தொழிலுக்கு விடவில்லை.

டீக்கடைச் சண்டையில் இளையராஜா பெயர் வரும். ரகுமான் பெயர் வரும். அனிருத் பெயர் வரும். இவர்கள் கதை வராது. ஆலை ஊர்க்காரர்களுக்கு இது புரியாத விஷயமா? புது இயந்திரம் ஒன்று வந்தால் பத்துப் பேருக்கு வேலை போகும் என்பதைக் கண்ணால் பார்த்தவர்கள் அவர்கள்.

பெரிய கோஷ்டி வேண்டும் என்றபோது கடல் தாண்டியும் போனார்கள். 2000-ல் வந்த கமலஹாசனின் 'ஹே ராம்' படத்துக்கு இளையராஜா, ஹங்கேரி நாட்டின் புடாபெஸ்ட் நகரத்து வாத்தியக் குழுவை வைத்து வாசிக்கச் செய்தார். 2025 மார்ச் 8-ந் தேதி அவர் எழுதிய 'வேலியண்ட்' என்ற சிம்பொனி லண்டனில் அரங்கேறியது. வாசித்தது ராயல் பில்ஹார்மானிக் என்ற அந்நாட்டு வாத்தியக் குழு. சிம்பொனி என்றால் பாட்டு, படம் எதுவும் இல்லாமல் வாத்தியங்களுக்காக மட்டும் எழுதப்படும் நீண்ட இசை.

புதிய கட்சியின் தலைவரோ வேறு காரியம் செய்தார். ரகுமான் 2008-ல் கோடம்பாக்கத்தில் இசைக் கல்லூரி தொடங்கினார். ஏழை வீட்டுப் பிள்ளைகளுக்குப் பணம் வாங்காமல் பிடிலும் மற்ற மேல்நாட்டு வாத்தியங்களும் கற்றுக்கொடுத்து, 'சன்ஷைன்' என்ற பெயரில் ஒரு வாத்தியக் குழுவை உண்டாக்கினார்.

கம்ப்யூட்டர்காரர் பிடில் குழு வளர்க்கிறார். பிடில்காரர் கம்ப்யூட்டரைக் கொண்டுவந்தார். இரண்டு கட்சியும் என்ன செய்யும்?

நாற்காலி ஏன் அதிர்கிறது?

நாற்காலி விஷயத்துக்கும் விடை உண்டு. பழைய தியேட்டர்களில் ஒலிபெருக்கி திரைக்குப் பின்னால் மட்டும்தான். பிலிமின் ஓரத்தில் பதிந்த ஒலியில் மிகக் கனத்த சத்தம் சரியாக வராது. அதனால், பிடிலும் புல்லாங்குழலும் வீணையும் நன்றாக எடுபட்டன.

1990-களின் நடுவில் டி.டி.எஸ். முறை வந்தது. தியேட்டரின் நாலு பக்கமும் ஒலிபெருக்கி வைத்தார்கள். கனத்த சத்தத்துக்குத் தனிப் பெட்டி வைத்தார்கள். பெட்டி இருந்தால் அதற்குத் தீனி போட வேண்டாமா? போட்டார்கள். சில படங்களில் கொஞ்சம் அதிகமாகவே போட்டுவிட்டார்கள். கதாநாயகன் கதவைத் திறந்தாலும் இடி. மூடினாலும் இடி. மகேந்திரன் எடுத்த படங்களில் இசை சும்மா இருக்கிற இடங்களே மனத்தில் நிற்கும். இன்றைய படங்கள் பலவற்றில் அந்த மௌனம் இல்லை என்பது உண்மை.

அதற்காகப் பழையது எல்லாம் தங்கம் என்றும் சொல்ல முடியாது. சண்டை என்றால் ஒரு 'டமடம', சோகம் என்றால் ஒரு செனாய் என்று காலத்தை ஓட்டிய படங்கள் எத்தனை! அவற்றை ஜனங்கள் மறந்துவிட்டார்கள். நல்லது மட்டும் ஞாபகத்தில் நிற்கிறது.

குகைக்குள்ளே வந்த பழைய பாட்டு

2024-ல் 'மஞ்சும்மல் பாய்ஸ்' என்ற மலையாளப் படம் வந்தது. கொடைக்கானல் குகையில் விழுந்த நண்பனை மீட்கிற கதை. முக்கியமான கட்டத்தில் 'குணா' படத்தின் பாட்டு ஒலிக்கும். அது 1991-ல் இளையராஜா இசை அமைத்தது. தமிழ்நாட்டுத் தியேட்டர்களில் ஒரே ஆரவாரம்! 'குணா' வந்தபோது பிறக்காத பிள்ளைகள்கூட எழுந்து நின்று கைதட்டினார்கள்.

அனுமதி கேட்கவில்லை என்று இளையராஜா தரப்பில் வக்கீல் நோட்டீஸ் போனது. உரிமையை வாங்கித்தான் பயன்படுத்தினோம் என்று படத் தரப்பில் சொன்னார்கள். பாட்டு யாருக்குச் சொந்தம் என்ற கேள்வியும் டீக்கடைக்கு வந்து சேர்ந்தது.

வாசித்தவர் பெயர் என்ன?

'அந்த நாள்' படத்துக்கு வாசித்தது யார்? 'சரஸ்வதி ஸ்டோர்ஸ் ஆர்க்கெஸ்ட்ரா' என்று கோஷ்டியின் பெயர் மட்டும் தெரியும். அதில் பிடில் பிடித்தவர், குழல் ஊதியவர் பெயர்கள் ரசிகர்களுக்குத் தெரியாது. இளையராஜா படங்களில் பிடில் வாசித்த வி.எஸ்.நரசிம்மன் போன்ற சிலர் பெயர்களைத்தான் ரசிகர்கள் தேடிப் பிடித்து வைத்திருக்கிறார்கள்.

ரகுமான் தம் பாட்டு கேசட்டு, குறுந்தகடு உறைகளில் வாத்தியக்காரர்களின் பெயர்களை அச்சிடும் வழக்கத்தைக் கொண்டுவந்தார். புல்லாங்குழல் இன்னார், பிடில் இன்னார், கிட்டார் இன்னார் என்று வரிசையாக இருக்கும். பழைய கட்சிக்காரர்களும் இந்த ஒரு விஷயத்தில் மட்டும் வாயைத் திறப்பதில்லை.