உங்களுக்குத் தெரியுமா? வாளைக்கு முன்னே கெண்டை!

காவிரியினின்று கொள்ளிடம் பிரிந்து ஸ்ரீரங்கத்தைத் தீவாக்கும் முக்கொம்பிலே, 1830-களில் ஆர்தர் காட்டன் கட்டுவித்த மேலணையை அடுத்த மடுக்கள் போன்ற ஆழங்களில், ஒரு மீட்டருக்கும் மேல் வளரவல்ல வாளை மீன் பகலெல்லாம் பதுங்கிக் கிடந்து, இருட்டிய பின் சிறு மீன்களை வேட்டையாடப் புறப்படும் சுபாவமுடையதாகையால், அதற்குத் தூண்டிலிட விரும்புவோர் முதலில் பிடிக்க வேண்டியது கெண்டைக் குஞ்சுகளையே. முழங்கால் ஜலத்தில் இருவர் நின்று, பழைய வேட்டியை விரித்து அமிழ்த்தி, தவிடும் சோற்றுப் பருக்கையும் தூவிக் காத்திருந்து, குஞ்சுகள் மொய்த்தவுடன் நான்கு முனைகளையும் ஒருசேரத் தூக்குவது ஓர் எளிய யுக்தி. பிடித்ததை உயிரோடு வைத்திருப்பதுதான் பெரும் பிரயாசை: குடத்து நீர் வெயிலில் சூடேறினால் அதில் கரைந்துள்ள பிராணவாயு குறைந்து, குஞ்சுகள் நீர்மட்டத்துக்கு வந்து வாய் திறந்து திணறும், உலர்ந்த கையால் தொட்டாலோ மேனியைக் காக்கும் வழுவழுப்பு போய்விடும். முள்ளை முதுகுத் துடுப்பின் கீழ், தண்டெலும்பில் படாமல் கோத்தால்தான் இரை நீந்தும். (குஞ்சின் சம்மதத்தை எவரும் கேட்பதில்லை!) வரி வரியான மேனியுடைய விராலுக்கோ சிறு தவளையும் உகந்த இரை. சென்னை ராஜதானியில் உத்தியோகம் வகித்த ஹென்றி சல்லிவன் தாமஸ், குளத்துத் தூண்டிலுக்கென்றே 1887-இல் தனி நூல் ஒன்று எழுதினார்.