இரு நகரங்களுக்கு நடுவே: தெல்தோட்டையில் வாழ்வும் வியாபாரமும்

நிலத்தை இழந்து புதிய இடத்தில் குடியேறும் குடும்பங்கள் எம்மிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "இந்த ஊர் பட்டணமும் இல்லை, பட்டிக்காடும் இல்லை. இங்கே இருந்து எப்படிப் பிழைப்பது? பேசாமல் கண்டிக்கே போய்விட்டால் என்ன?"

இக்கேள்வியைச் சாதாரணமாகத் தட்டிவிட முடியாது. மண்சரிவினாலோ, அணைக்கட்டுக்காகவோ, கலவரத்தினாலோ காணியை விட்டு வந்தவர்களிடம் இருப்பது கொஞ்சப் பணமும் விவசாயம் செய்த கைகளும்தான். அந்தப் பணம் ஒரு முறை கைமாறிவிட்டால் திரும்பி வராது. எனவே இரண்டு பெரிய நகரங்களுக்கு நடுவே உள்ள ஊரில் வாழ்வும் வியாபாரமும் எப்படி நடக்கின்றன என்பதைத் தெல்தோட்டையை வைத்து இவ்விதழில் விளக்க முயல்கிறோம்.

பாதை யாருக்காகப் போடப்பட்டது?

கண்டியிலிருந்து பேராதனை, கலஹா வழியாக மலையேறினால் தெல்தோட்டை வருகிறது. அதைத் தாண்டினால் ஹேவாஹெட்ட. மேலும் போனால் ரிக்கில்லகஸ்கட, அங்கிருந்து நுவரெலியாப் பக்கம். ஆகவே கண்டி ஒரு பக்கம், நுவரெலியா மறு பக்கம், தெல்தோட்டை நடுவில்.

இவ்வூருக்கு அண்மையில் உள்ள லூல்கந்துர தோட்டத்தில்தான் 1867இல் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். இலங்கையின் வர்த்தகத் தேயிலை அங்கிருந்து தொடங்கிற்று. அதே 1867இல் கொழும்பிலிருந்து கண்டிக்கு ரயில் வந்து சேர்ந்தது. முன்பு கோப்பியும் பின்பு தேயிலையும் மலையிலிருந்து கண்டிக்கு இறங்கின, அங்கிருந்து துறைமுகத்துக்குப் போயின. அரிசியும் துணியும் மண்ணெண்ணெயும் அதே வழியால் மேலே ஏறின.

இதை ஏன் சொல்கிறோம்? தோட்டங்களின் சரக்கை இறக்குவதற்காக வளர்ந்த பாதைகள் எல்லாம் கீழ்நோக்கியே போயின. அதனால் மக்களின் எண்ணமும் அதே திசையில் ஓடப் பழகிவிட்டது. விற்பதென்றாலும் கண்டி, வாங்குவதென்றாலும் கண்டி. நடுவில் இருக்கும் ஊரை வழியில் தேநீர் குடிக்கும் இடமாக மட்டும் பார்க்கிறோம்.

நடு ஊரும் சந்தையாகலாம்

தம்புள்ளையைப் பாருங்கள். கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் போகும் ஏ-9 வீதியும், குருநாகல் வழியாகத் திருகோணமலை போகும் ஏ-6 வீதியும் அங்கே சந்திக்கின்றன. 1999இல் அங்கே விசேட பொருளாதார மத்திய நிலையம் திறக்கப்பட்டது. இன்று மலைநாட்டுக் கரட்டும் வடக்கின் வெங்காயமும் அங்கே வந்து விலை பேசப்பட்டு நாடெங்கும் போகின்றன. தமிழ்நாட்டில் திண்டுக்கல் மாவட்டத்து ஒட்டன்சத்திரமும் அப்படித்தான். மதுரைக்கும் கோயம்புத்தூருக்கும் இடைப்பட்ட அந்தச் சிறு நகரத்தின் காய்கறிச் சந்தையிலிருந்து கேரளத்துக்கு லொறி லொறியாகச் சரக்குப் போகிறது.

தெல்தோட்டை தம்புள்ளையாகிவிடும் என்று நாம் ஆசை காட்ட வரவில்லை. நாட்டின் பெருவீதிகள் இங்கே சந்திக்கவில்லை. ஆனால் அவ்விரு ஊர்களும் ஒரு பாடத்தைத் தருகின்றன. பலருடைய சரக்கு ஓரிடத்தில் சேர்ந்து, எல்லோர் முன்னிலையிலும் நிறுக்கப்பட்டு, விலை பேசப்படும்போதுதான் நடு ஊர் சந்தையாகிறது. ஒவ்வொருவரும் தனித்தனியே ஒரு சாக்கைத் தூக்கிக்கொண்டு நகரத்துக்கு ஓடும்வரை அது வெறும் பஸ் தரிப்பிடந்தான்.

இவ்வூருக்கு உள்ள வசதிகள்

முதலாவது, வாடிக்கையாளர்கள் பக்கத்திலேயே இருக்கிறார்கள். சுற்றிலும் தோட்டங்கள். தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் மூன்று சமூகத்தவரும் ஒரே கடைத்தெருவில் வாங்குகிறார்கள். தோட்டப்புறத்தில் வியாபாரம் மாதம் முழுவதும் ஒரே மாதிரி நடப்பதில்லை. சம்பள நாளிலும் முற்பணம் கொடுக்கும் நாளிலும் காசு புழங்கும். இடைப்பட்ட நாட்களில் கடன் கொப்பிதான் புழங்கும். தீபாவளி, நோன்புப் பெருநாள், சித்திரைப் புத்தாண்டு என்று ஒவ்வொரு சமூகத்தவரின் பண்டிகைக்கும் தேவைகள் வேறு. இந்தக் கணக்கைப் புரிந்துகொண்டவர் எதை எப்போது அறுவடை செய்வது, எதை எப்போது கொள்முதல் செய்வது என்று முன்கூட்டியே திட்டமிடலாம்.

இரண்டாவது, இவ்வூர் உயரத்திலும் நடுத்தரமானது. கண்டி நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்தில் உள்ளது. நுவரெலியா ஏறத்தாழ 1,870 மீற்றர். நுவரெலியாக்காரரோடு கரட்டிலும் லீக்ஸிலும் போட்டியிடுவது கடினம். ஆனால் போஞ்சி, தக்காளி, கறிமிளகாய் ஆகியவற்றோடு மிளகு, கராம்பு, கோப்பி போன்றவையும் இடைத்தர உயரத்துக்கு ஏற்றவை. கண்டிய வீட்டுத் தோட்டங்களில் பலாவும் பாக்கும் மிளகுக் கொடியும் ஒரே காணியில் அடுக்கடுக்காக வளர்வதை நாம் எல்லோரும் கண்டிருக்கிறோம்.

மூன்றாவது, இரண்டு பக்கமும் வழி இருக்கிறது. இதன் அருமையைப் பின்னர் சொல்கிறோம்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்

கண்டியில் போஞ்சி கிலோ 300 ரூபா, தெல்தோட்டையில் 240 ரூபா என்று வைத்துக்கொள்வோம். இவை விளக்கத்துக்காக நாம் எடுத்துக்கொண்ட எண்கள். உங்கள் ஊர் விலையை இட்டு நீங்களே கணக்குப் பாருங்கள்.

ஒரு குடும்பம் 100 கிலோவைத் தனியாகக் கண்டிக்குக் கொண்டு போகிறது. சாக்கில் நசுங்கி 5 கிலோ கழிந்துபோகிறது. 95 கிலோவுக்கு 28,500 ரூபா. பத்து வீதத் தரகு 2,850 ரூபா. லொறிக்கூலியும் ஏற்றி இறக்கும் கூலியும் 2,000 ரூபா. பஸ்ஸுக்கும் சாப்பாட்டுக்கும் 600 ரூபா. கையில் மிஞ்சுவது 23,050 ரூபா. ஒரு நாள் வேலையும் போயிற்று. அதே 100 கிலோவைத் தெல்தோட்டையிலேயே விற்றிருந்தால் 24,000 ரூபா.

கிலோவுக்கு 60 ரூபா கூட என்று மலையிறங்கியவர் கடைசியில் 950 ரூபா குறைவாகவே கொண்டு வருகிறார்.

இப்போது ஐந்து குடும்பங்கள் சேர்ந்து 500 கிலோவை ஒரே லொறியில் அனுப்பட்டும். ஒருவர் மட்டும் கூடப் போகிறார். சாக்குக்குப் பதிலாகப் பிளாஸ்டிக் கூடைகளைப் பயன்படுத்துவதால் கழிவு 10 கிலோவாகக் குறைகிறது. 490 கிலோவுக்கு 147,000 ரூபா. தரகு 14,700, லொறியும் கூலியும் 6,000, கூடப் போனவரின் செலவு 600. மிஞ்சுவது 125,700. குடும்பத்துக்கு 25,140 ரூபா. நால்வருடைய ஒரு நாள் வேலையும் மிச்சம். கூடைகளை முதலில் வாங்கும் செலவு வேறாக உண்டு. ஆனால் அவை பல பயணங்களுக்கு உதவும்.

ஆகவே நாம் சொல்வது இதுதான். தனியாக விற்பதென்றால் பக்கத்துச் சந்தை, தூரத்துச் சந்தைக்கென்றால் கூட்டாக. நகரத்து விலையை மட்டும் கேட்டுவிட்டுப் புறப்பட வேண்டாம். வழியில் போவதையும் கழித்துப் பாருங்கள். ஹெக்டர் கொப்பேகடுவ கமநல ஆராய்ச்சி, பயிற்சி நிறுவகம் முக்கிய சந்தைகளின் மொத்த விலைகளை நாள்தோறும் வெளியிடுகிறது. வீட்டில் படித்த பிள்ளை இருந்தால் கைத்தொலைபேசியில் பார்த்துச் சொல்லும்.

காத்திருக்கும் பொருளும் காத்திருக்காத பொருளும்

தக்காளியும் போஞ்சியும் காத்திருக்க மாட்டா. பறித்த மறுநாளே வியாபாரி சொல்வதுதான் விலை. மிளகும் கராம்பும் அப்படியல்ல. நன்றாகக் காயவைத்து, ஈரம் படாமல் கட்டிவைத்தால் மாதக்கணக்கில் இருக்கும். நல்ல விலை வரும்வரை பொறுக்கலாம்.

இடம்பெயர்ந்து வந்த குடும்பம் எல்லாக் காணியிலும் மரக்கறி மட்டும் போட்டால் ஒவ்வொரு வாரமும் சந்தைக்கு அடிமை. எல்லாக் காணியிலும் மிளகு மட்டும் நட்டால் அது காய்க்கும்வரை அடுப்பெரியாது. எனவே வாரச் செலவுக்கு மரக்கறி, பள்ளிக்கூடச் செலவுக்கும் அவசரத்துக்கும் மிளகு, வீட்டுக்கு முட்டையும் பாலும் என்று பிரித்து வையுங்கள். எல்லோரும் ஒரே பயிரை ஒரே வாரத்தில் போடாமல், அயலவரோடு பேசி முன்பின்னாக நடுங்கள். சென்ற முறை எதற்கு நல்ல விலை கிடைத்ததோ அதையே இம்முறை எல்லோரும் போடுவது நம்மவர் வழக்கம். விலை விழுவதும் அதனால்தான்.

கையில் இருக்கும் பணம்

1980களின் நடுப்பகுதியில் விக்டோரியா நீர்த்தேக்கத்துக்காகப் பழைய தெல்தெனிய பட்டினம் நீரில் மூழ்கியது. கண்டிக்கும் மஹியங்கனைக்கும் இடைப்பட்ட பழைய கடைத்தெரு அது. புதிய பட்டினத்தை மேட்டில் அமைத்தார்கள். கட்டடத்தைச் சில மாதங்களில் கட்டலாம். ஆனால் "இவரிடம் வாங்கலாம்" என்ற நம்பிக்கையைக் கட்டுவதற்கு வருடங்கள் வேண்டும். கடும் வரட்சியில் நீர் வற்றும்போது அந்தப் பழைய பட்டினத்தின் சுவர்கள் இன்றும் தலைகாட்டுகின்றன.

ஆகவே நட்டஈடாகக் கிடைத்த பணத்தை முதல் வருடத்திலேயே கடைக் கட்டடத்திலோ, தவணைக்கு எடுக்கும் வாகனத்திலோ போட்டுவிடாதீர்கள். முதலில் வாராந்தச் சந்தையில் ஒரு சாக்கை விரித்து விற்றுப் பாருங்கள். யார் வாங்குகிறார், எதைக் கேட்கிறார், எந்த நாளில் காசு கொடுக்கிறார் என்று ஒரு கொப்பியில் எழுதுங்கள். கடன் கொடுக்க நேர்ந்தால் ஆளுக்கு ஓர் எல்லை வையுங்கள். முந்திய மாதக் கடன் தீரும்வரை புதிதாகக் கொடுக்கத் தயங்குங்கள். இது ஈரமில்லாத பேச்சல்ல. கடை மூடப்பட்டால் கடன் வாங்குபவருக்கும் நாளைக்கு அரிசி இல்லை.

கிழமைக்கொரு தவணை கட்டும் கடனை எடுத்துப் பயிர் செய்வதில் இன்னும் கவனம் வேண்டும். போஞ்சி காய்ப்பதற்கே ஏறத்தாழ இரண்டு மாதமாகும். தவணையோ அடுத்த கிழமையே வாசலில் நிற்கும். பயிரின் காலத்துக்கும் தவணையின் காலத்துக்கும் பொருத்தம் இல்லாவிட்டால் முதலில் போவது பெண்களின் நகைதான்.

கடை தொடங்கினால் வியாபாரப் பெயரைப் பிரதேச செயலகத்தில் பதியுங்கள். பிரதேச சபையில் அனுமதிப்பத்திரம் பற்றிக் கேளுங்கள். தராசுக்கு வருடந்தோறும் முத்திரை இடுவியுங்கள். பதிவு இருந்தால்தான் பின்னர் வங்கிக் கடனோ உதவித் திட்டமோ கேட்கும்போது காட்டுவதற்கு ஒரு கடதாசி இருக்கும்.

வழி அடைபட்டால்

2022இல் டீசல் இல்லாமல் லொறிகள் வரிசையில் நின்றதை மறந்திருக்க மாட்டீர்கள். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின்போது கண்டி, நுவரெலியா, பதுளை மாவட்டங்களில் மலைகள் சரிந்து பாதைகள் பல துண்டிக்கப்பட்டன. இத்தகைய நாட்களில் ஒரே நகரத்தை நம்பியவரின் சரக்கு அழுகுகிறது. கலஹாப் பக்கத்திலும் ஹேவாஹெட்டப் பக்கத்திலும் தெரிந்த வியாபாரி உள்ளவர், ஊருக்குள்ளேயே வாங்குவோரை வைத்திருப்பவர் ஓரளவு தாக்குப்பிடிக்கிறார். முன்னே சொன்ன இரண்டு வழிகளின் அருமை இதுதான். ஒரு புயலில் இரண்டும் ஒன்றாக அடைபடலாம். ஆகவே ஊருக்குள் உள்ள வாடிக்கையே கடைசித் துணை.

மலிவாகக் கிடைக்கிறது என்று சரிவில் காணி வாங்குவோருக்கும் ஒரு சொல். வீடோ கடையோ கட்டுமுன் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிக்கையைப் பெறுங்கள். நிலத்தில் வெடிப்பு, சாய்ந்து நிற்கும் மரங்கள், திடீரெனக் கலங்கி வரும் ஊற்று ஆகியவை மலை தரும் எச்சரிக்கைகள். ஒரு முறை இடம்பெயர்ந்தவர் மறுமுறையும் மூட்டை கட்டக்கூடாது.

கலந்துரையாடச் சில கேள்விகள்

வாசித்தவுடன் இதழை மடித்து வைத்துவிடாமல், அயலில் ஐந்தாறு குடும்பங்கள் கூடிப் பேசும்படி கேட்டுக்கொள்கிறோம்.

1. சென்ற மாதம் நாம் ஒவ்வொருவரும் விற்ற சரக்கில் பஸ், லொறி, தரகு, கழிவு போக உண்மையில் கையில் மிஞ்சியது எவ்வளவு?

2. நாம் நகரத்தில் வாங்கிவரும் பொருட்களில் எவற்றை இங்கேயே விளைவிக்கலாம், அல்லது செய்யலாம்?

3. நாளை கண்டிப் பாதை அடைபட்டால் நமது சரக்கை யாரிடம் விற்போம்? அவருடைய பெயரும் தொலைபேசி இலக்கமும் நம்மிடம் இருக்கிறதா?

4. ஒரே லொறியில் சரக்கை அனுப்பத் தயாராக உள்ள ஐந்து குடும்பங்கள் எவை? கணக்கை எழுதுவது யார், அதைச் சரிபார்ப்பது யார்?

நான்காவது கேள்விக்கு விடை கிடைத்தால் அதை எமக்கும் எழுதி அனுப்புங்கள். மற்றக் குடும்பங்களும் அறிந்துகொள்ளட்டும்.