மான்டெஸ்பான் சீமாட்டி: அரசாணை பெயர் சுட்டாத தாய்

முன்னுரை

‘ஆசைநாயகி’ என்னும் தமிழ்ச்சொல் இருவரிடையே அமைந்த தனி உறவைச் சுட்டுவது. 17ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சு அரசவையிலோ அது அனைவரும் அறிந்த ஒரு தகுதிநிலையாக விளங்கியது. அத்தகுதி பெற்ற பெண்ணின் செல்வாக்கிற்குச் சட்டமும் திருச்சபையும் விதித்த எல்லைகளை, மன்னர் பதினான்காம் லூயியின் ஆசைநாயகியான மான்டெஸ்பான் சீமாட்டியின் (1640–1707) வாழ்வுவழி இக்கட்டுரை விளக்குகிறது.

அரசவைச் செல்வாக்கு

பழம்பெரும் மோர்ட்டமார் குடியில் பிறந்த பிரான்சுவாஸ் அத்தெனாயிஸ், 1663இல் மான்டெஸ்பான் பிரபுவை மணந்தார். அரசி மரி தெரேஸின் தோழியருள் ஒருவராக அரசவையில் இருந்த அவர், 1667இல் மன்னரின் அன்பைப் பெற்றார். வெர்சாய்க்கு அருகில் கிளாஞி மாளிகை அவருக்கென எழுப்பப்பட்டது. லா ஃபோந்தேன் 1678இல் வெளியிட்ட நீதிக்கதைத் தொகுதியை அவருக்கே காணிக்கையாக்கினார்.

சட்டம் விதித்த எல்லை

மன்னர்வழி அவர் ஏழு பிள்ளைகளைப் பெற்றார். ஆயின் அவர் பிறர் மனைவி. மணவாழ்வு நீடிக்கையில் பிறக்கும் பிள்ளைக்குக் கணவனே தந்தை என்பது சட்டத்தின் துணிபு. எனவே மான்டெஸ்பான் பிரபு அப்பிள்ளைகள்மீது உரிமை கோர இடமிருந்தது. இதனால் அவர்கள் தொடக்கத்தில் ஸ்கரோன் என்னும் கைம்பெண்ணின் பொறுப்பில் மறைவாக வளர்க்கப்பட்டனர்.

முந்தைய ஆசைநாயகியான லவாலியேர் மணமாகாதவர். ஆதலின் 1667இல் அவர் மகள் முறையான வாரிசாக ஏற்கப்பட்டபோது தாயின் பெயர் ஆவணத்தில் இடம்பெற்றது. 1673 டிசம்பரில் மான்டெஸ்பானின் மூன்று பிள்ளைகள் ஏற்கப்பட்டபோதோ தாயின் பெயர் எழுதப்படவில்லை. பெயரை எழுதியிருப்பின், பிறர் மனைவியுடன் கொண்ட உறவை மன்னரே ஆவணப்படுத்தியதாகும். கணவரின் உரிமைக்கும் அது சான்றாகிவிடும். பிள்ளைகளை உயர்த்திய அதே ஆணை தாயை மறைத்தது. அடுத்த ஆண்டே அவர் கணவரிடமிருந்து சட்டப்படி பிரிக்கப்பட்டார்.

திருச்சபையும் நச்சு வழக்கும்

1675இல் ஈஸ்டர் திருநாளை ஒட்டி ஒரு குருவானவர் அவருக்குப் பாவமன்னிப்பு வழங்க மறுத்தார். மன்னரும் அவரும் சிறிதுகாலம் பிரிய நேர்ந்தது. பின் உறவு தொடர்ந்தது.

1679இல் நஞ்சூட்டல், சூனியம் ஆகிய குற்றங்களை விசாரிக்கத் தனி நீதிமன்றம் அமைக்கப்பட்டது. லவுவாசன் என்பவள் 1680இல் எரித்துக் கொல்லப்பட்டபின், அவள் மகளும் வேறு சிலரும் மான்டெஸ்பான்மீது குற்றஞ்சாட்டினர். அக்கூற்றுகள் நீதிமன்றத்தின் பொதுவிசாரணைக்கு வரவில்லை. 1682இல் நீதிமன்றம் மூடப்பட்டது. அவ்வாவணங்களை மன்னர் 1709இல் எரித்தார். காவல் தலைவர் லா ரேனியின் குறிப்புகள் எஞ்சியமையால்தான் அக்குற்றச்சாட்டுகளை இன்று அறிகிறோம். சித்திரவதைக்கு அஞ்சியோர் கூற்று என்பதால் அவற்றை உண்மையெனக் கொள்வது பொருந்தாது. விசாரணையே நிகழாமையால் அவர் குற்றமற்றவர் என நிறுவவும் வழியில்லாது போயிற்று.

முடிவுரை

ஸ்கரோன் கைம்பெண்ணே மேந்தனோன் சீமாட்டியாக உயர்ந்து, அரசியின் மறைவுக்குப்பின் மன்னரை இரகசியமாக மணந்தார். மான்டெஸ்பான் 1691இல் அரசவையை நீங்கினார்; 1707இல் இறந்தபோது, மன்னர்வழிப் பிள்ளைகள் துக்க உடை அணிவதற்கும் தடை விதிக்கப்பட்டது. சட்டத்தின்படி அவர்கள் அவருடைய பிள்ளைகள் அல்லர். அவருடைய இரு மகன்களுக்கு 1714இல் அரியணை உரிமை வழங்கப்பட்டு, 1717இல் அது நீக்கப்பட்டது. ஆசைநாயகியின் அதிகாரம் மன்னரின் விருப்பத்தில் மட்டுமே நிலைத்திருந்தது என்பதையும், அதனை மறைக்கும் ஆற்றல் ஆவணங்களுக்கு இருந்தது என்பதையும் இவ்வாழ்வு உணர்த்துகிறது.