அந்த மூன்று வாரம்

எங்கள் கட்டடத்தின் தரைத்தளத்தில் இருக்கும் அக்கா தாராவியில் பிறந்து வளர்ந்தவர். பூர்விகம் திருநெல்வேலிப் பக்கம். கல்யாணமாகி நவி மும்பை நெருளுக்கு வந்து முப்பது வருடம் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவர் வீட்டில் இஞ்சி தட்டிப்போட்ட டீ, யார் போனாலும் உண்டு. 2024 மே மாதக் கடைசியில் அப்படிப் போயிருந்தபோது கேட்டார்: "தம்பி, அந்தப் பிள்ளையப் பெத்தவளப் பத்தி வாய்க்கு வந்தபடி எழுதுனாங்கள்ல, அவங்க அம்புட்டுப் பேரையும் புடிச்சு உள்ள போட முடியாதா?"

நியாயமான கேள்வி. ஆனால் அதற்கான பதில் நாம் நினைக்கிற இடத்தில் இல்லை. டீ ஆறுவதற்குள் முடிகிற பேச்சும் இல்லை. மெதுவாகவே போவோம்.

முதலில் நடந்ததைச் சொல்கிறேன். 2024 ஏப்ரல் 28. ஆவடிக்கு அடுத்த திருமுல்லைவாயிலில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு. ஒரு கைக்குழந்தை மாடியிலிருந்து தவறி, கீழே இருந்த கூரைத் தகட்டில் விழுந்து விளிம்பில் தங்கிவிட்டது. கீழே சிலர் துணியை விரித்துப் பிடித்துக்கொள்ள, சன்னல் வழியாக ஏறியவர்கள் குழந்தையை எட்டி எடுத்தார்கள். அந்த வீடியோ நாடு முழுக்கப் போனது. பிள்ளை பிழைத்தது என்று எல்லோரும் மூச்சு விட்ட கையோடு பேச்சு தாயின் பக்கம் திரும்பியது. எங்கள் சொசைட்டியின் வாட்ஸாப் குழுவிலும் அதைப் பார்த்தேன். 'இவளெல்லாம் ஒரு தாயா' என்ற ரகத்தில் வரிக்கு மேல் வரி. அந்தப் பெண் காரமடையில் இருந்த பெற்றோர் வீட்டுக்குப் போய்விட்டார். மனம் உடைந்து சிகிச்சை எடுத்துவந்தார் என்று செய்திகள் சொல்லின. மூன்று வாரத்தில் உயிரை மாய்த்துக்கொண்டார்.

இனி சட்டம். தற்கொலைக்குத் தூண்டுவது குற்றம். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் அதற்கு 306ஆம் பிரிவு. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில் 108ஆம் பிரிவு. பத்து ஆண்டு வரை சிறை. இறந்தவர் சிறுவரானால் 107ஆம் பிரிவு. தண்டனை இன்னும் கடுமை.

எல்லாம் அந்தத் 'தூண்டுதல்' என்ற சொல்லில்தான் இருக்கிறது. விளக்குத் திரியைத் தூண்டுகிறோம். சுடர் ஏற வேண்டும் என்று நினைத்து, கையால் தொட்டு, திரியை முன்னால் தள்ளுகிறோம். எண்ணம் ஒன்று, செயல் ஒன்று, இரண்டும் சேர்ந்தால்தான் தூண்டல். சன்னலைத் திறந்தோம், காற்றடித்தது, சுடர் திரைச்சீலையில் பிடித்துக்கொண்டது என்றால், சன்னலைத் திறந்தவரைக் கவனமில்லாதவர் என்று திட்டலாம். திரியைத் தூண்டியவர் என்று சொல்ல மாட்டோம். சட்டமும் ஏறக்குறைய இப்படித்தான் பார்க்கிறது.

2002இல் மத்தியப் பிரதேசத்து வழக்கு ஒன்று உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. சண்டையில் ஒருவர் 'போய்ச் சாவு' என்று சொன்னார். இரண்டு நாள் கழித்து மற்றவர் இறந்துபோனார். கோபத்தில் வாயிலிருந்து விழுந்த சொல் தூண்டுதல் ஆகாது என்று நீதிமன்றம் வழக்கை ரத்து செய்தது. 2011இல் எம். மோகன் என்ற வழக்கு, நம் தமிழ்நாட்டிலிருந்து போனது. குடும்பக் காரில் போக விரும்பிய மருமகளிடம், 'கார் வேண்டுமானால் பிறந்த வீட்டிலிருந்து கொண்டு வா' என்று புகுந்த வீட்டில் சொன்னார்களாம். சில நாளில் அந்தப் பெண் இறந்தார். அந்த வழக்கும் நிற்கவில்லை. வேறு வழியே இல்லை என்ற நிலைக்கு ஒருவரைத் தள்ளும் நேரடியான செயல் இருக்க வேண்டும், தள்ளும் நோக்கமும் இருக்க வேண்டும் என்றது தீர்ப்பு.

படிக்கும்போது எனக்குக் கசந்தது. அக்காவிடம் சொன்னபோது அவருக்கும் கசந்தது. "அப்ப சொல்லு கொல்லாதா?" என்றார். கொல்லும். யாரும் இல்லை என்று சொல்லவில்லை. நீதிமன்றம் கேட்கும் கேள்வி வேறு.

காலை எட்டரை மணிக்கு நெருளில் வண்டி ஏறுகிறவர்களுக்கு இதை எளிதாகச் சொல்லிவிடலாம். ஹார்பர் லைனில் குர்லா வருவதற்குள் பெட்டிக்குள் என்ன நடக்கிறது? யாரும் யாரையும் தள்ளுவதில்லை. ஒருவர் தோளைக் கொஞ்சம் நகர்த்துகிறார், இன்னொருவர் பையை முன்னால் மாற்றுகிறார், பின்னாலிருப்பவர் காலை அகட்டுகிறார். அத்தனை சின்ன நெருக்கலும் சேர்ந்து கதவோரம் நிற்பவரின் கைப்பிடியை நழுவவைக்கிறது. இன்னொரு பெட்டியில், ஒருவன் கதவோரம் நிற்பவரின் முதுகில் வேண்டுமென்றே கை வைத்துத் தள்ளுகிறான். இரண்டிலும் விழுந்தவர் விழுந்தவர்தான். 108ஆம் பிரிவு தேடுவது அந்த ஒரு கையை. நெருக்கிய தோள்களைப் பிடிக்க அந்தப் பிரிவால் ஆகாது.

இங்கேதான் அநேகமாக எல்லோருக்கும் இருக்கிற தவறான எண்ணம் வருகிறது. படித்தவர்களுக்கும் உண்டு, எனக்கும் இருந்தது. உயிர் போய்விட்டால் வழக்கு வலுத்துவிடும் என்று நினைக்கிறோம். உண்மை நேர்மாறானது. உயிர் போன பிறகு பிரிவு பெரிதாகிறது, ஆனால் நிரூபிப்பது கடினமாகிறது. ஒருவர் ஏன் அந்த முடிவுக்கு வந்தார் என்பதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம் இருப்பதில்லை. உடல்நலம், வீட்டுச் சூழல், பழைய காயம், தூக்கமில்லாத இரவுகள் என்று பலதும் பின்னிக் கிடக்கும். அதைச் சொல்லக்கூடிய ஒரே சாட்சி இப்போது இல்லை. 2025 ஜனவரியில் மகேந்திர அவாசே வழக்கில் உச்ச நீதிமன்றம், துயரத்தில் இருக்கும் குடும்பத்தை ஆற்றுவதற்காக மட்டும் போலீஸ் இந்தப் பிரிவை இயந்திரம்போலப் போட்டுவிடக் கூடாது என்றே சொன்னது.

உயிரோடு இருக்கும்போது? சட்டத்தின் கை அப்போதுதான் நீளம். ஒரு பெண்ணின் அந்தரங்கப் படத்தை அனுமதியின்றி எடுத்தாலோ பரப்பினாலோ தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66ஈ பிரிவில் மூன்று ஆண்டு வரை சிறை. ஆபாசமாக்கிப் போட்டால் 67, 67ஏ. வேண்டாம் என்று சொன்ன பிறகும் இணையத்தில் பின்தொடர்ந்து தொல்லை கொடுத்தால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 78ஆம் பிரிவு. மிரட்டினால் அதே சட்டத்தில் 351. இதில் எதற்கும் யாரும் சாக வேண்டியதில்லை, மனம் உடைந்ததை நிரூபிக்கவும் வேண்டியதில்லை. படம் போட்டான், இதோ படம். மிரட்டினான், இதோ மிரட்டல். அவ்வளவுதான்.

2016 ஜூன் மாதம் சேலம் இளம்பிள்ளைப் பக்கம் நடந்தது உங்களுக்கு நினைவிருக்கலாம். 21 வயதுப் பட்டதாரிப் பெண்ணின் முகத்தை வேறொரு உடலோடு ஒட்டி யாரோ ஃபேஸ்புக்கில் போட்டார்கள். தந்தை போலீஸுக்குப் போனார். நாட்கள் ஓடின. ஒரு காவலர் கைபேசி லஞ்சமாகக் கேட்டார் என்ற புகாரும் எழுந்தது. இரண்டாவது படம் வந்தது. ஜூன் 27 அன்று அந்தப் பெண் இறந்துபோனார். அதன்பின் சில நாளிலேயே படம் போட்டவன் என்று ஓர் இளைஞனைப் பிடித்துவிட்டார்கள். தாமதத்துக்காக மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார். அவர் மன்னிப்புக் கேட்டதை நான் மதிக்கிறேன். ஆனால் இறந்த பிறகு சில நாளில் பிடிக்க முடிந்தவனை, இருந்தபோது ஏன் பிடிக்க முடியவில்லை என்று அந்தத் தந்தை கேட்டால் என்ன சொல்வது? அங்கே முதுகில் வைத்த கை ஒன்று இருந்தது. பிரிவும் இருந்தது. அவசரம் மட்டும் இல்லை.

2021இல் வந்த மத்திய அரசின் விதிகள் இன்னொரு கதவையும் திறந்தன. அந்தரங்கப் படம், ஒட்டுவேலை செய்த படம், பெயரைத் திருடிய போலிக் கணக்கு ஆகியவற்றைப் பற்றிப் பாதிக்கப்பட்டவரோ அவர் சார்பில் ஒருவரோ புகார் கொடுத்தால், குறுகிய கெடுவுக்குள் (2021இல் அது 24 மணி நேரம்) அந்தச் சமூக ஊடக நிறுவனம் நீக்க நடவடிக்கை எடுக்க வேண்டும் என்றன. இந்த நிறுவனங்களுக்குச் சட்டம் ஒரு குடை பிடித்திருக்கிறது: வாடகைக்காரன் செய்ததற்கு வீட்டுக்காரன் பொறுப்பில்லை என்பதுபோல. விதியை மீறினால் அந்தக் குடை போய்விடும்.

நிறுவனங்களின் பொறுப்பு என்றதும் மும்பைக்காரர்களுக்கு நாயர் மருத்துவமனை நினைவு வரும். 2019 மே மாதம், பழங்குடிச் சமூகத்திலிருந்து வந்த 26 வயது மருத்துவர் அங்கே இறந்தார். சாதியைச் சொல்லி இழிவுபடுத்தினார்கள் என்று மூத்த மருத்துவர்கள் மூவர் மீது வழக்கு. அதில் சேர்க்கப்பட்ட சட்டங்களில் ஒன்று மகாராஷ்டிரத்தின் 1999ஆம் ஆண்டு ராகிங் தடைச் சட்டம். அதில் எனக்குப் பிடித்த பிரிவு ஒன்று உண்டு. புகார் வந்தும் கல்லூரித் தலைவர் நடவடிக்கை எடுக்காமல் இருந்தால், ராகிங்குக்கு அவரும் உடந்தை என்றே கருதப்படுவார். பார்த்துக்கொண்டு சும்மா இருப்பதையும் ஒரு செயலாக எண்ணிய சட்டம் அது.

அப்படியானால் 'இவளெல்லாம் ஒரு தாயா' என்று எழுதியவர்கள்? உண்மையைச் சொல்ல வேண்டும். அந்த ஒரு வரிக்குப் பெரிய பிரிவு எதுவும் பொருந்தாது. அவதூறு என்று மாஜிஸ்திரேட்டிடம் முறையிடலாம்; போலீஸ் தானாக வந்து பிடிக்க முடியாது. மனம் புண்படும்படி எழுதினாலே கைது என்று முன்பு தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் 66ஏ என்றொரு பிரிவு இருந்தது. 2012 நவம்பரில், பால் தாக்கரே மறைவை ஒட்டி மும்பை அடைத்துக் கிடந்ததைப் பற்றி ஃபேஸ்புக்கில் எழுதிய ஒரு பெண்ணையும், அதற்கு லைக் போட்ட இன்னொரு பெண்ணையும் பால்கரில் கைது செய்தது அதையும் வைத்துத்தான். 2015 மார்ச் 24 அன்று உச்ச நீதிமன்றம் அதை நீக்கியது. அது போனதில் எனக்கு வருத்தமில்லை. அப்படிப்பட்ட வலையில் முதலில் சிக்குவது எளியவர்கள்தான்.

ஜப்பானில் 2020 மே மாதம் மல்யுத்த வீராங்கனை ஹானா கிமுரா, தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்றையொட்டி இணையத்தில் வந்த வசைக்குப் பிறகு இறந்தார். வசைபாடிய ஒருவருக்கு விதித்த அபராதம் 9,000 யென். நாடு கொதித்தது. 2022இல் இழிவுபடுத்தும் குற்றத்துக்கு ஓராண்டு வரை சிறை என்று சட்டத்தைத் திருத்தினார்கள். நமக்கும் அது வேண்டுமா என்பது பேச வேண்டிய விஷயம். ஆனால் அந்தச் சட்டம்கூட, ஆயிரம் பேரில் ஒன்றிரண்டு பேரைத்தான் எட்டும்.

மீதிப் பேர் அந்தப் பெட்டியில் தோளை நகர்த்தியவர்கள். குற்றவாளிகள் இல்லை, பொறுப்பு இல்லாதவர்களும் இல்லை. எழுதியவருக்கு அது ஒரு வரி, எழுதி முடித்ததும் மறந்துபோகும். அந்தப் பெண் அத்தனை வரிகளையும் ஒரே கைபேசியில், ராத்திரியில், தனியாகப் படித்திருப்பார். எங்கள் குழுவில் அன்று நான் எதுவும் எழுதவில்லை. நிறுத்துங்கள் என்றும் எழுதவில்லை. ராகிங் சட்டத்தில் அந்தப் பிரிவைப் படித்தபோது எனக்குக் கல்லூரித் தலைவர் யாரும் நினைவுக்கு வரவில்லை. அந்தக் குழுதான் வந்தது.

ஆகவே உங்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். உங்களுக்குத் தெரிந்த யாரையாவது இணையத்தில் கிழித்துக்கொண்டிருந்தால், பதிவுகளை அழிப்பதற்கு முன் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். படமோ மிரட்டலோ இருந்தால் அன்றைக்கே போலீஸுக்குப் போங்கள். எந்த ஊரில் நடந்த குற்றமானாலும் பக்கத்து நிலையத்திலேயே புகார் பதியலாம், புதிய நடைமுறைச் சட்டம் அதற்கு இடம் தருகிறது. வெறும் வசைதான் என்றால், வசைபாடும் குழுவில் நிறுத்தச் சொல்லி எழுதுங்கள். அதைவிட முக்கியமாக, அந்த ஆளுக்கு ராத்திரியில் ஒரு போன் போடுங்கள், அடுத்த வாரமும் போடுங்கள். மனம் தாங்கவில்லை என்று அவர் சொன்னால், அல்லது உங்களுக்கே அப்படித் தோன்றினால், 14416. அது டெலிமானஸ் என்ற அரசின் மனநல உதவி எண். இருபத்து நான்கு மணி நேரமும் உண்டு, கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம்.