சொல்லி வாங்கும் படம்

கடையில் சாமி படம் வாங்குகிறோம். அதே படம் ஆயிரம் வீடுகளில் இருக்கும். நமக்கென்றே ஓர் ஓவியர் கையால் வரைந்து தரும் படம் அப்படி அல்ல. அது ஒன்றே ஒன்றுதான். அதை எப்படிக் கேட்டு வாங்குவது? தெலங்கானாவில் உள்ள ஓர் ஊர் இதற்கு வழி காட்டுகிறது.

செரியால் ஓவியர்கள்

ஹைதராபாத்துக்கு வடகிழக்கே சித்திப்பேட்டை மாவட்டத்தில் செரியால் என்ற ஊர் இருக்கிறது. அங்கே நகாஷி ஓவியர் குடும்பங்கள் உண்டு. அவர்கள் துணியில் சுருள் படம் வரைவார்கள். அகலம் சுமார் 3 அடி. நீளம் 40 அடிக்கு மேலும் போகும்.

முதலில் கதர்த் துணியில் கஞ்சி, வெள்ளை மண், புளியங்கொட்டைப் பசை ஆகியவற்றைக் கலந்து பூசுவார்கள். அது காய்ந்த பிறகு தூரிகையால் உருவங்களை வரைவார்கள். பின்னணிக்குப் பெரும்பாலும் சிவப்பு வண்ணம் தீட்டுவார்கள்.

கேட்டவர் யார்?

ஊர் ஊராகப் போய்க் கதை பாடுகிறவர்கள்தான் படம் கேட்டார்கள். பத்மசாலி நெசவாளர்களுக்கு மார்க்கண்டேயர் கதை. அதைப் பாடுகிறவர்கள் கூனபுலிகள். கதை நகர நகரச் சுருளும் நகரும்.

சுருள் கிழிந்து பழசாகிவிட்டால் பாடகர்கள் ஓவியரைத் தேடி வருவார்கள். கதையைச் சொல்வார்கள். ஓவியர் கேட்டு, அதன்படி வரைவார். பாடகருக்குக் கதை தெரியும். ஓவியருக்குக் கோடு தெரியும். இருவரும் கூடிப் பேசியதால் படம் பிறந்தது. பழைய சுருளைத் தூக்கி எறிய மாட்டார்கள். சடங்கு செய்து ஆற்றில் விடுவார்கள்.

இன்றைய நிலை

சினிமாவும் தொலைக்காட்சியும் வந்த பிறகு கதை கேட்கும் கூட்டம் குறைந்தது. சுருள் கேட்டு வருவோரும் குறைந்தார்கள். சில ஓவியர்கள் ஹைதராபாத்துக்குக் குடிவந்தார்கள். இப்போது சுவரில் மாட்டும் சிறு படங்களும் முகமூடிகளும் செய்கிறார்கள். பாடகர்கள் இருந்த இடத்தில் இன்று நாம் இருக்கிறோம். நாம் கேட்டால்தான் இந்தத் தொழில் நிலைக்கும்.

படம் கேட்கும்போது

1. என்ன படம் வேண்டும் என்று விவரமாகச் சொல்லுங்கள். குலதெய்வமா, ஊர்த் திருவிழாவா?

2. ஓவியரின் பழைய படங்களைப் பாருங்கள். அவர் கைப்பாணி பிடித்தால் மட்டும் கேளுங்கள்.

3. அளவு, விலை, தரும் நாள் ஆகியவற்றைத் தாளில் எழுதி, இருவரும் கையெழுத்துப் போடுங்கள்.

4. முன்பணம் கொடுங்கள். துணியும் வண்ணமும் வாங்க அது உதவும். ரசீது கேளுங்கள்.

5. மாற்றம் வேண்டுமானால் கோடு போட்ட நிலையிலேயே சொல்லுங்கள். வண்ணம் தீட்டிய பிறகு மாற்றுவது கடினம்.

6. படம் முடிந்த பிறகு விலையைக் குறைக்கச் சொல்லாதீர்கள். அது பல நாள் உழைப்பின் கூலி.

யோசித்துப் பாருங்கள்

உங்கள் ஊர்க் கதை ஒன்றைப் படமாக வரையச் சொன்னால், எந்தக் கதையைச் சொல்வீர்கள்? முதல் கட்டத்தில் யார் இருப்பார்?